கல்மேட்டிலிருந்து ஒரு ‘வரேன்’

இது உண்மையில் நடந்தது. நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த வெயிலில். பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். அந்த வீட்டு நாய் கடைசிவரை வாலைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தது.

அவள் தையல்காரி. சமையலறை ஜன்னலோரம்தான் அவளுடைய மெஷின். ஜன்னலுக்கு வெளியே கணவனின் சோளக்கொல்லை. கொல்லையின் நடுவில் கல்மேடு.

ஆள் உயரக் கற்கள் வட்டமாக நிற்கும். வட்டத்துக்குள் மண்ணும் சரளையும் குவிந்த மேடு. எழுத்து என்ற ஒன்று வருவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த இடம் அது என்று படித்தவர்கள் சொன்னார்கள். அவன் அதைச் சுற்றி வளைத்துத்தான் டிராக்டர் ஓட்டுவான். “நமக்கு முன்னாடியே குடி வந்தவங்க. காலி பண்ணச் சொல்ல நாம யாரு?” என்று சிரிப்பான்.

தினமும் மதியம் டீ குடித்துவிட்டு, பின்வாசலில் நின்று, “போயிட்டு வரேன்” என்பான். அவள் பதில் சொல்கிறவரை நகரமாட்டான். மெஷின் ஓடினால் அது நிற்கும்வரை அவனும் நிற்பான்.

“அண்ணி, சீக்கிரம் ‘வாங்க’ன்னு சொல்லித் தொலைங்க. எங்க அண்ணன் காலு தரையில வேர் விட்டுடும்போல” என்று நாத்தனார் கிண்டல் செய்வாள். அவள் நர்ஸ். இவர்களோடுதான் இருந்தாள்.

அன்றும் சொன்னான். அவள் வாயில் குண்டூசி. “ம்... போயிட்டு வாங்க” என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற முகம்தானே.

மழையில் ஊறிய மண். மேட்டோரத்தில் டிராக்டரின் பின்சக்கரம் சட்டென்று உள்ளே இறங்கியது. கீழே வெற்றிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. வண்டி கவிழ்ந்தது. அவன் அடியில் சிக்கிக்கொண்டான்.

அவ்வளவுதான்.

சரிந்த மண்ணுக்குள் ஒரு கல்லறை தெரிந்தது. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல். பெரிய கற்பெட்டி. வீட்டைப் பார்த்த பலகையில் வட்டமாக ஒரு துளை. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். தொல்லியல் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி வந்து பார்த்தாள். சுற்றிலும் கயிறு கட்டினாள். மழைக்காலம் முடிந்ததும் திறப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்த உறவுகள் எல்லாம் கிளம்பிப் போய், வீடு வெறிச்சோடிய பிறகு ஒரு மதியம். அவள் ஒரு கவுனுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது.

“வரேன்.”

“ம்... வாங்க” என்றாள், வாயில் குண்டூசியோடு.

மெஷின் நின்றது.

பின்வாசலில் யாரும் இல்லை. நாய் மட்டும் எழுந்து நின்று, வாசலைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவளுக்குப் பயமே வரவில்லை. அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஓவென்று அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு டம்ளர் டீ போட்டாள். குரல் வந்தது. இந்த முறை தெரிந்தே சொன்னாள். “வாங்க.” உயிரோடு இருக்கிற யாரிடமும் அப்படி ஒரு ‘வாங்க’ அவள் சொன்னதில்லை. அதற்கடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும்...

சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லை. டீ குறையவில்லை, ஆனால் தொட்டால் விரல் விறைத்தது. மழையே இல்லாத நாட்களிலும் நிலைப்படியில் ஈரமண். அந்த மண் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடந்தது.

நாத்தனார் இரண்டாவது டம்ளரைப் பார்த்தாள்.

“யாருக்கு அண்ணி?”

அவள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது புதுப்பெண்போல வெட்கம்கூட வந்தது. நாத்தனார் அந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னன்னு சொல்றான்?”

“எப்பவும் சொல்றதுதான். வரேன்னு.”

“போயிட்டு வரேன்னா? வெறும் வரேனா?”

அவள் யோசித்தாள். வெறும் ‘வரேன்’தான்.

“அண்ணி... போறவங்கதான் அப்படிச் சொல்லிட்டுப் போவாங்க. அவன்தான் போயாச்சே. இப்ப சொல்றதுக்கு அர்த்தமே வேற. நீங்க வேற தினம் வாங்க, வாங்கன்னு...” நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவன் என் கூடப் பொறந்தவன். எனக்கு ஆசையில்லையா? போகச் சொல்லிடுங்க.”

“எப்படிடி சொல்வேன்? கோபத்துலகூட அவரை ‘போங்க’ன்னு மொட்டையா சொன்னதில்லையே.”

சொல்லவில்லை. அவளால் முடியவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், நாலு வயது. கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள், துணிக்கூடைக்குள் என்று எங்கே இடுக்கு கிடைத்தாலும் நுழைந்துகொள்ளும். எலிக்குட்டி என்றுதான் அவன் கூப்பிடுவான். அன்று மாலை எலிக்குட்டி நிலைப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

“யார்கிட்டடி பேசுற?”

“அப்பாகிட்ட. அப்பா வீடு ரொம்ப இருட்டாம்மா. தனியா இருக்க முடியலையாம்.”

அவள் குழந்தையை வாரித் தூக்கினாள்.

“வாசல் சின்னதாம். நீ நுழைய முடியாதாம்... நான் நுழைஞ்சிடுவேனாம்.”

அன்றிரவு கதவுகளைத் தாழ்ப்பாள் போட்டு, குழந்தையை இறுக்கிக்கொண்டு படுத்தாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். நாளைக்குக் கண்டிப்பாக...

மறுநாள் மதியம் குரல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். குழந்தை காலடியில் துண்டுத்துணிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு மெஷினை மிதித்தாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. கடகட... கடகட...

“போயிட்டு வரேன்.”

“ம்... போயிட்டு வா.”

வா.

வா என்றா சொன்னேன்?

மெஷின் நின்றது. காலடியில் குழந்தை இல்லை. துண்டுத்துணிகள் மட்டும். பின்வாசல் திறந்து கிடந்தது.

“எலிக்குட்டீ!”

செருப்பில்லாமல் ஓடினாள். சோளத்தாள் முகத்தைக் கிழித்தது. பின்னால் நாத்தனார் கத்திக்கொண்டு வருவது கேட்டது. நாய் கல்வட்டத்துக்கு வெளியே நின்றது. வாலை ஆட்டிக்கொண்டு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்...

துளையிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

இடுப்புவரை உள்ளே போயிருந்தது குழந்தை. அவள் பாய்ந்து கவுனைப் பிடித்தாள். அவளே தைத்த கவுன். இழுத்தாள். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை. குளிக்க வைக்கும்போது பிடிப்பதுபோல... அத்தனை பதவிசாக.

தையல் விட்டது. பட்.

பட்... பட்...

“என்னங்க! விடுங்க! உங்க பொண்ணுங்க!”

உள்ளே குழந்தை சிரித்தது.

அதன் சிரிப்புக்கு அப்பால், ஒரு மூச்சு தூரத்தில், அந்தக் குரல்.

“தனியா இருக்கேன்மா...”

அவள் உதடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை.

பட்.

“போங்க.”

அமைதி.

“போங்க... திரும்ப வராதீங்க. நான் கூப்பிட மாட்டேன். போங்க!”

பிடி நழுவியது.

குழந்தையோடு அவள் பின்னால் மல்லாந்து விழுந்தாள். துளைக்குள்ளே, டிராக்டர் ஓட்டும்போது அவன் போடுகிற கனமான பூட்ஸ் கால்கள் இறங்கிப் போகிற சத்தம். அந்தக் கற்பெட்டியின் ஆழம் ஒரு ஆள் இடுப்புவரைதான். காலடிச் சத்தம் மட்டும் வெகுதூரம் போய்க்கொண்டே இருந்தது...

பாதி வழியில் ஒருமுறை நின்றது.

அவள் பதில் சொல்லக் காத்திருப்பது போல.

நாத்தனார் ஓடிவந்து அவள் வாயைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தினாள். பொத்தாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. மதிய நேரத்தில் அவள் மெஷினை ஓட்டுவதில்லை. வராத ஒன்றைக் கேட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மழை விட்டதும் ஆராய்ச்சிக்காரி ஆட்களோடு வந்து மூடுகல்லைத் தூக்கினாள். அவளும் நாத்தனாரும் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நடந்ததை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“உள்ளே ஒரு ஆம்பளை” என்றாள் ஆராய்ச்சிக்காரி. “ஒழுங்கா நீட்டிப் படுக்க வச்சு, சுத்திப் பானைங்க வச்சு, நல்ல மரியாதையா புதைச்சிருக்காங்க. மூடுகல்லு அன்னைக்கு வச்சதுதான். அப்புறம் நாங்கதான் தூக்குறோம்.” கொஞ்சம் தயங்கினாள். “கூடவே ஒரு குழந்தை. நாலு வயசு இருக்கலாம். அதை யாரும் படுக்க வைக்கல. பானையை உடைச்சுக்கிட்டு, அவர் நெஞ்சுமேல சுருண்டு கிடக்கு. இந்தத் துளை வழியாத்தான் போயிருக்கணும். ஏன் போச்சுன்னுதான் புரியல.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அதோட அம்மா?” என்று கேட்டாள் அவள்.

“தெரியலைங்க. ஆனா இதைத் தொட்டுப் பாருங்க.” ஆராய்ச்சிக்காரி அவள் கையைப் பிடித்துத் துளையின் மேல்விளிம்பில் வைத்தாள். உளி கொத்திய கரடுமுரடு அப்படியே இருந்தது. பிறகு கீழ்விளிம்பில் வைத்தாள். கண்ணாடிபோல வழவழத்தது.

“கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டு விட்டு எடுத்தா இப்படித் தேயும். ஒரு நாள், ரெண்டு நாள்ல கல்லு தேயாதுங்க. ஒருத்தர் சாகுற வரைக்கும், தினமும் வந்து உள்ளே துழாவியிருக்கணும்.”