கட்சிக்காகப் பேசிய பெடியாக்கோ

கானா நாட்டிலுள்ள எங்கள் டெச்சிமான் ஊரில் பெடியாக்கோவின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் இல்லை. காலையில் ரேடியோவில் அரசியல் நிகழ்ச்சி தொடங்கியதும் ஆளுங்கட்சிக்காக முதல் ஆளாகப் போன் போடுவார். என்ன பேச வேண்டும் என்பதைக் கட்சி ஆபீசிலிருந்து விடிவதற்குள் சொல்லிவிடுவார்கள். போனுக்கு ரீசார்ஜும் அவர்களே. எதிர்க்கட்சிக்கும் இப்படி ஆட்கள் உண்டு. இதற்குப் பெயர் மக்கள் கருத்தாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

நான் பக்கத்து வீட்டில் கம்பங்கஞ்சி விற்கிறவள். ஹர்மட்டான் காற்று வீசும் மாதங்களில் புழுதி மூட்டத்தில் எதிர்வீடுகூடத் தெரியாது. அவர் குரல் மட்டும் எல்லா வீட்டு ரேடியோவிலிருந்தும் மிதந்து வரும். அரைத் தூக்கத்தில் யாரோ பேசுவது போலிருக்கும். பொய் என்று தெரிந்தும் அகப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பேன். அவ்வளவு இனிமை.

அன்றும் வேப்பமரத்தடியில் போனோடு நின்று முழங்கினார்.

"நம்ம ஆட்சியில மருத்துவச்சி இல்லாத ஆஸ்பத்திரி ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!"

நிகழ்ச்சி நடத்துகிறவர் அவரை லைனில் வைத்துக்கொண்டே ஒரு பெண்ணையும் இணைத்தார்.

"எங்க பேட்டை ஆஸ்பத்திரியில மருத்துவச்சி போய் மாசக்கணக்காச்சு. பிரசவத்துக்குப் போனா திருப்பி அனுப்புறாங்க."

யார் குரல் என்றுகூடப் பெடியாக்கோ யோசிக்கவே இல்லை. வாய்ப் பழக்கம். "எதிர்க்கட்சிக்காரன் காசு கொடுத்துப் பேச வச்ச பொம்பளை இது!"

அவள் பதில் முதலில் அவர் வீட்டு அடுக்களையிலிருந்தே கேட்டது. ஒரு நொடி கழித்து என் ரேடியோவில்.

"எவன் காசு கொடுத்தான்னு உள்ள வந்து என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் மனைவி அஃபியா! தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வாசலில் அவர்கள் மகள் நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். புழுதிக்குள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா? அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

"இருக்கேன்." போனோடு மகள் பக்கம் நடந்தார். "அவ சொல்றது நிஜம். என் பொண்ணுக்கு இந்த வாரம் பிரசவம். எனக்குப் பயமா இருக்குங்க. கேக்குறவங்க யாருக்காவது ஒரு மருத்துவச்சியத் தெரியுமா?"