அம்மாவின் கொலுசு சுற்றிய காலைகள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் இல்லத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அப்பா கேட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். நாலு வரி எழுதுவதற்குள் அடுப்பைப் பார்க்கவோ வாசலைப் பார்க்கவோ போய்விடுகிறேன். மூத்த மகளான எனக்கு இந்தப் பரபரப்பு அம்மாவிடமிருந்து வந்ததுதான்.

"பாவம், பல வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க" என்று துக்கம் கேட்க வந்த சிலர் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா படுக்கவேயில்லை. படுக்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டார்.

அம்மா லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது மூட்டுவலியோடு வந்த காய்ச்சல் அவரைப் பல வாரம் முடக்கிப் போட்டதாம். காய்ச்சல் விட்டது. அது இதயத்தில் செய்துவிட்டுப் போன கோளாறு யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, எங்கள் மூவரையும் பெற்ற பிறகு, 1950களின் நடுவில் ஒருநாள் மலைக்கோட்டைப் படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கால்கள் வீங்கியிருந்தன.

இதயத்துக்கு வலு குறைந்து உடம்பில் நீர் தங்குகிறது என்றார் திருச்சி டாக்டர். "உப்பு கூடாது. அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாத்தையும் மறந்துடுங்க. மாத்திரையை ஒருநாளும் விடாதீங்க. கால் வீங்கினா காத்திருக்காம வாங்க, நீர் இறங்க ஊசி போடுறேன்."

"லால்குடிக்கு வந்துரும்மா. நீ பாட்டுக்குப் படுத்திரு, நாங்க பாத்துக்கறோம்" என்றார் தாய்மாமா. பாசத்தில் சொன்னதுதான். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் இங்கதான் இருப்பேன் அண்ணே. என் உடம்பை நானே பாத்துக்கறேன். முடியலன்னா அப்ப வந்து கூட்டிட்டுப் போங்க."

மாமா அதை வாக்காகவே வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் குழம்பில் உப்புப் போடுவதற்கு முன்பே அம்மாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவோம். எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார். சமையல் முக்காலியில் உட்கார்ந்துதான். ஒரு வேலை முடிந்து மூச்சு ஆறிய பிறகே அடுத்த வேலை. அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் அவருக்குப் பிடிக்காத மருந்து. இருந்த இடத்திலிருந்தே எங்களை எல்லாம் விரட்டித் தீர்ப்பார்.

காலையில் கண் விழித்ததும் இரண்டு கொலுசுகளையும் விரலால் சுற்றிப் பார்ப்பார். சுற்றினால் நல்ல நாள். கணுக்காலில் இறுகி நின்றால் நீர் கூடிவிட்டது என்று பொருள். பஸ் ஏறி ஊசிக்குப் போய்விடுவார். எந்த டாக்டரும் இதைச் சொல்லித் தரவில்லை. கடை திறக்கப் போய்விடும் அப்பாவுக்கும் தெரியாது. தெரிந்தால் பயந்துபோய் மாமாவுக்குக் கடிதம் போட்டுவிடுவார் என்று அம்மா சொல்லாமலே வைத்திருந்தார்.

ஒரு பொங்கலுக்கு முன், மெருகு போடக் கொலுசுகளைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். கணுக்காலில் கறுத்துக் கிடந்த பழைய தடத்தைப் பார்த்து அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி இரண்டிலும் கண்ணி சேர்த்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். பெரிதாக எதையும் செய்ததாக நினைக்காததால் சொல்லவும் இல்லை.

பொங்கலுக்கு மாமா குடும்பம் வந்திருந்தது. உப்புப் பார்க்கிறேன் என்று அம்மா எல்லாவற்றையும் வாயில் போட்டிருக்கிறார். மூச்சு வாங்கியதை வேலைக் களைப்பு என்றார். கொலுசு நன்றாகச் சுற்றியதே! காணும் பொங்கலன்று விடிந்தபோது படுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு திணறினார். மாமாவும் அப்பாவும் நானும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் காலை அழுத்தினார். விரல் பதிந்த பள்ளம் மேலே வரவேயில்லை. "இவ்வளவு வீங்குற வரைக்கும் ஏம்மா வரல?"

"கொலுசு... சுத்துச்சே" என்று விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னார் அம்மா.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் ஆசாரிகிட்ட கண்ணி சேர்க்கச் சொன்னேன்" என்றார்.

"போதும்மா. சொன்ன வாக்குப்படி லால்குடிக்குக் கிளம்பு" என்றார் மாமா.

அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். "என்னங்க, அதைப் பழைய அளவுக்கே வெட்டிட்டு வாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "கவனமா இருக்கிறவங்கதான், வீட்டுலயே இருக்கட்டும். ஆனா கொலுசை மட்டும் நம்பாதீங்கம்மா. மூச்சு வாங்கினாலும், தலையணை இன்னொண்ணு வச்சாத்தான் படுக்க முடியுதுன்னாலும் வந்துரணும். இனிமே உங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."

அதன் பிறகு கடைக்குக் கிளம்பும் முன் அப்பா வாசலில் நின்று, "சுத்துதா?" என்று கேட்பார். "சுத்துது, போயிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பல வருடம் எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, காபி கலந்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. கொலுசைக் கழற்றியவள் நான்தான். தளர்வாகவே இருந்தது. கடைசி நாள் வரை அம்மா தோற்கவில்லை என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொறுமையாக மருத்துவம் பார்த்த டாக்டருக்கும், ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும், வெட்டிய கண்ணிக்குக் கூலி வாங்க மறுத்த ஆசாரிக்கும், வாரம் தவறாமல் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பிய மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவின் கொலுசை எனக்கே கொடுத்துவிட்டார். என் புகுந்த ஊரான காட்டூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் நான், இதை எழுதி முடிக்கும் இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சத்தம் கேட்டு, கடைக்குக் கிளம்பிய அப்பா வாசலிலிருந்து பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"சுத்துதா?"

"சுத்துதுப்பா, போயிட்டு வாங்க" என்றேன்.