தங்கச்சி பெற்ற பிள்ளை

என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான்தான். துணிக்குள்ளே பிள்ளையின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிராக இருக்கும் என்று இன்னொரு துணியைப் போர்த்தினேன். நடுக்கம் நிற்கவில்லை. அழுகையும் மற்றப் பிள்ளைகளின் அழுகைபோல இல்லை. யாரோ கிள்ளிக்கொண்டே இருப்பதுபோலக் கீச்சிட்டாள். பாலை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

தங்கையும் கணவனும் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார்கள். அங்கேதான் அவன் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பழகினான், பிறகு அவளுக்கும் பழக்கினான். வயிற்றில் பிள்ளையோடும் அவள் அதை விடவில்லை என்பது எங்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது. பிள்ளை தவழத் தொடங்குமுன் அவன் சிறைக்குப் போனான். அவள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனாள். பிள்ளை கல்குடாவில் என்னோடும் என் கணவரோடும் வளர்ந்தாள்.

நடக்கவும் பிந்தினாள், பேசவும் பிந்தினாள். தட்டு விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு ஆசிரியை என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"வேணுமெண்டு குழப்படி செய்யிற பிள்ள இல்லம்மா. ஒரு இடத்தில இரிக்க ஏலாம இரிக்கி. காலையில படிச்ச எழுத்து மத்தியானம் அவக்கு ஞாபகமில்ல. டொக்டரிட்டக் காட்டுங்க."

பிள்ளையை மட்டக்களப்புக் கிளினிக்குக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். அப்படிப் போய்வந்த காலத்தில்தான் தங்கை திரும்பி வந்தாள். புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு, இப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை என்றாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. மகள் அவளை யாரோ என்று பார்த்தாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவளும் வந்தாள். டொக்டர் கேட்குமுன்னே, என்ன பாவித்தாள், எவ்வளவு காலம் பாவித்தாள் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"என்னாலதானே டொக்டர்?"

டொக்டர் பிள்ளையின் கோப்பை மூடிவைத்தார்.

"அதுவும் ஒரு காரணம். பிள்ள குறைமாசத்தில பிறந்தது, தாய் பக்கத்தில இல்லாதது, எல்லாம் சேர்ந்திரிக்கி. எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. மாறிடும் எண்டும் நான் சொல்லமாட்டன். இங்க சொல்லிக் குடுக்கிற பயிற்சிய வீட்டில விடாமச் செய்யுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல சனம். சாரதி ஹோர்னை அழுத்திப் பிடித்தார். பிள்ளை அலறி, என் கையைக் கடித்து, சீற்றில் தலையை மோதத் தொடங்கினாள். நான் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அப்படி அணைத்தால்தான் மெல்ல அடங்குவாள். முன் சீற்றிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"வளர்ப்புச் சரியில்ல. செல்லம் குடுத்தா இப்பிடித்தான்."

இப்படிப் பேச்சுக் கேட்டு நான் பழகிவிட்டேன். தங்கை எழுந்து நின்றாள்.

"வளர்ப்பில ஒரு பிழையுமில்ல. வளத்தது அக்கா. பெத்தது நான். வயித்தில வச்சுக்கொண்டு ஐஸ் அடிச்சதும் நான்தான். ஏச வேணுமெண்டா என்ன ஏசுங்க."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தங்கையின் கையைப் பிடித்து இருத்தினேன்.

பிள்ளை ஓயவில்லை. வாழைச்சேனையில் இறங்கும்வரைக்கும் அழுதாள். தங்கை மகளைத் தூக்கக் கை நீட்டினாள். பிள்ளை அவளை உதைத்துத் தள்ளிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தங்கை என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள்.