ஆறாம் பக்கத்துப் பிஞ்சுகள்

என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, லஸ் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் அந்தப் படப்புத்தகத்தை வாங்கினேன். கெட்டி அட்டை, பத்தே பக்கம். முதல் பக்கத்தில் ஒரு பரங்கி விதை. இரண்டாவதில் இரண்டு இளம் இலை. அப்படியே போய் ஐந்தில் ஐந்து பூ, ஆறில் ஆறு பிஞ்சு. கடைசிப் பக்கத்தில் பத்துப் பரங்கிக்காய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐந்து பூவில் ஆறு பிஞ்சு எப்படி வந்தது என்று எனக்குச் சந்தேகம்தான். எண்ணிக்கையும் வரும், செடி எப்படி வளரும் என்பதும் தெரியும், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது நான் இரண்டாவது முறை உண்டாகியிருந்தேன். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அடையாறில் ஒரு மையத்துக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் ஆரம்பத்திலிருந்து வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் பேச்சை நிறுத்தினாள். துடிப்பு இல்லை. மூன்று நாள் மருத்துவமனை, பிறகு வீடு. பல் பிடுங்கிய பின் உதடு மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க எனக்கு அப்படி இருந்தது. அழுகை வரவில்லை. குக்கர் வைத்தேன், துணி மடித்தேன், மகளுக்குத் தலை வாரினேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். “பப்பாளி கிப்பாளி சாப்ட்டியா?” “ஆட்டோல ரொம்ப அலைஞ்சியோ?” இல்லை, இல்லை என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போனதும் நானே அதே கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். தி.நகரில் கூட்டத்தில் இடிபட்ட நாள். லிஃப்ட் ஓடாமல் மூன்று மாடி ஏறிய நாள். தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்த நாள். நீங்கள் செய்த எதுவும் காரணம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாரிடமும் அப்படித்தானே சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளிடம் சொல்லும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். பெருங்குடியிலிருந்து ஆபீஸ் முடித்து வந்தவர், ஷூவைக் கழற்றியபடியே, “பாப்பா இப்ப வராதுடா” என்றார். “சரிப்பா” என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்லவேளை, சுலபமாக முடிந்தது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அந்தப் பிஞ்சுகள் என் கண்ணில் பட வேண்டாம் என்று படப்புத்தகத்தைத் தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து விளையாட்டுப் பள்ளியின் டீச்சர் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

“மேடம், காகிதக் கப்புல வெந்தயம் போட்டு முளைக்க வச்சிருக்கோம். பசங்க எல்லாம் தொட்டுத் தொட்டு எண்ணுதுங்க. இவ மட்டும் கிட்டவே வரமாட்டேங்கறா. க்ரேயான்கூட ஆள்காட்டி விரல மடக்கிக்கிட்டுதான் பிடிக்கிறா. விரல்ல ஏதாவது அடி பட்டுச்சா?”

அடி எதுவும் படவில்லை. மூன்று வாரமாகத் தினமும் அந்தக் கையைக் கழுவிவிட்டிருக்கிறேன், சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்கூட யாருக்கோ வந்த வெட்கம் மாதிரி தள்ளித்தான் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். விரலை மடக்கி, கணுவால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஐந்து பூ வரைக்கும் சரியாக வந்தாள். ஆறாம் பக்கத்தைத் திருப்பியதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“எண்ணுடி.”

“மாட்டேன். அழுகிடும்.”

“யார் சொன்னா?”

“மீனம்மா.”

கொட்டிவாக்கத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அவர். நான் பாத்திரம் எடுக்க உள்ளே போயிருந்தபோது, வாசலில் இவள் புத்தகத்தை விரித்து வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தம்மா சொன்னதை அதே குரலில் சொல்லிக் காட்டினாள்: “பிஞ்சாண்ட வெரல நீட்டாத கண்ணு, அயுகிப் பூடும். இப்டி மடக்கிக் காட்டு.”

இதில் அந்தம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிஞ்சை ஆள்காட்டி விரலால் சுட்டினால் வெம்பிவிடும் என்று பாதி ஊர் சொல்லும். எதிர்வீட்டு மொட்டை மாடியில் புடலை காய்த்தபோது நானே சொல்லியிருக்கிறேன்.

“படத்துல இருக்கறது அழுகாதுடி.”

“படம் இல்ல.” என் வயிற்றைப் பார்த்தாள். “நீ தூங்கிட்டு இருந்த. அஞ்சு மாசம்னு சொன்னல்ல, நான் பாப்பாமேல வெரல் வச்சு அஞ்சு வரைக்கும் எண்ணினேன். மடக்கல. மீனம்மா அதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க. எனக்கு அப்ப தெரியாதும்மா.”

மூன்று வாரம். சாப்பிட்டுக்கொண்டு, டி.வி. பார்த்துக்கொண்டு, எங்கள் நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டு, இதை ஒருத்தியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு எங்களை நினைத்து ஆத்திரமாக வந்தது.

“நீ காட்டினதால இல்லடி.”

“அப்ப யாரு காட்டினாங்க?”

“யாரும் காட்டல.”

“அப்பாவா?”

“இல்ல.”

“நீயா?”

தி.நகர், மூன்று மாடி, தண்ணீர் கேன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பாள்.

“இல்ல. நானும் இல்ல.”

“யாருமே காட்டாம அழுகுமா?”

“சில நேரம் அழுகும்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. குழந்தை பயந்துவிடுவாளே என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பயப்படவில்லை. எழுந்து போய்த் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“நிஜமா நான் இல்லதானே?”

“நீயும் இல்ல, நானும் இல்ல.”

அந்த வாரம் முழுக்கத் தினமும் அதையே கேட்டாள். தினமும் அதையே சொன்னேன். அவள் இரண்டாம் நாளே நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன், எனக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.