முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா

வீடு வீடாகப் போய்க் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். நோயாளிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'இன்னொருதடவை'. எதிரே இருப்பவர் ஓய்ந்துபோய்க் கையைத் தொப்பென்று கீழே போடும் நேரம் பார்த்துத்தான் சிரித்த முகத்தோடு "இன்னொரு தடவை" என்பாள். இறுகிப்போன தோள், மாற்றி வைத்த முட்டி, பக்கவாதத்தில் துவண்ட கை என்று காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை பேச்சுத்தான். ஒரு பெரிய உடம்பைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைப்பதில் முதுகு விட்டுப்போகும். அந்த உடம்புக்குள் இருக்கிறவரை நாளைக்கும் முயற்சி செய்யலாம் என்று நம்பவைப்பதில் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும்.

வீட்டுக்கு வந்தாலும் பேச்சுதான். கணவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வேலையை வாசலில் கழற்றிவிட்டு வரத் தெரியாத மனிதர். குளியலறையில் மூன்று ரப்பர் விரிப்புகள், அடுப்புக்குப் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டர், மாடிப்படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை. அவள் குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமாகிவிட்டால் கதவைத் தட்டி, "வழுக்கிடலையே?" என்பார். இருமினால் எழுந்து உட்காருவார். இவரைக் கெட்டவர் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. சிக்கலே அதுதான். மாமியார் இன்னொரு ரகம். பேச ஆள் கிடைக்காவிட்டால் மிக்ஸியோடு பேசுவார். அது சத்தம் போட்டால் அதற்கு மேல் சத்தமாகப் பேசுவார். இரண்டு அறை வீட்டில் இத்தனை அக்கறையும் இத்தனை பேச்சும் போக, மீதி இடத்தில் அவள் இருந்தாள்.

அவளுக்கென்று ஓர் இடம் உண்டு, ஆனால் அது வீட்டில் இல்லை. மதியத்து நோயாளி வீட்டுக்கும் சாயங்கால நோயாளி வீட்டுக்கும் நடுவே, பழைய தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய ஒரு நீளச் சுவர் இருக்கிறது. அதன் நிழலில் காரைச் சுவரைப் பார்த்த மாதிரி நிறுத்துவாள். எஞ்சினை அணைத்து, வெக்கைக்குச் சாவியை ஒரு திருகு மட்டும் விட்டு விசிறியை ஓடவிடுவாள். பாட்டு கிடையாது, போன் கிடையாது. அழுகையும் கிடையாது, அழுவதற்கு அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால் யாரையாவது பிடித்துக் கத்திவிடுவோமோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம் இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒருநாள் பைக்கில் வந்த ஒருவன் உரசினான். தவறான பக்கத்திலிருந்து வந்தவன் அவன்தான். விழுந்தவனும் அவன்தான் என்பதால் கூட்டம் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். கதவில் ஒரு கீறலோடும், கேட்கவேண்டாத மன்னிப்பைக் கேட்ட எரிச்சலோடும் அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

"சாட்சி இல்லாம இனிமே ரோட்டுல இறங்கவே கூடாது," என்றார் கணவர். அன்றைக்கே, காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் டேஷ் கேமரா பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது. சாப்பிடும்போது கேமரா, பல் தேய்க்கும்போது கேமரா. கடைசியில் மூன்று கண் கேமரா ஒன்றில் வந்து நின்றார். ஒரு கண் முன்னால், ஒன்று பின்னால், ஒன்று வண்டிக்குள்ளே. போதாக்குறைக்கு அவர் போனிலும் நேரடியாகத் தெரியுமாம்.

"நீ எங்க போனாலும் நான் கூடவே இருக்கற மாதிரி," என்றார் முகமெல்லாம் மலர.

அவர் போனில் அவள் இருக்குமிடத்தைக் காட்டும் வசதியை முன்பு ஒருமுறை கேட்டபோது, நோயாளிகள் வீட்டு விலாசம் வெளியே போகக்கூடாது என்று சொல்லித் தப்பித்திருந்தாள். இப்போது சுவரே பறிபோகப் போகிறது. வாயைத் திறந்து வேண்டாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அதற்கு அவளிடம் வீட்டில் சொல்லக்கூடிய பதில் இல்லை.

கடைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். அவள் முந்தின நாளே பாடம் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"உள்ள பாக்கற கேமரா எனக்கு ஒத்துவராதுங்க," என்று கணவரிடம் ஆரம்பித்தாள். "நோயாளிங்கள சில நேரம் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அவங்களப் படம் எடுத்தா சும்மா விடுவாங்களா?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். அப்ப போன்ல தெரியறதாவது இருக்கட்டும்."

"அதுக்கு தனியா வயர் இழுக்கணும். நிறுத்தியிருக்கும்போதும் ஓடிட்டே இருந்தா நம்ம பேட்டரி தாங்குமா? நடு ரோட்டுல வண்டி நின்னா என்ன பண்றது?"

நடு ரோட்டில் வண்டி நிற்பது என்றதும் பாதுகாப்பு அதிகாரியின் முகம் மாறியது. கடைக்காரர் தன்னை அறியாமலேயே அவள் கட்சிக்கு வந்தார்.

"மேடம் சொல்றது சரி சார். தினம் ஓட்டற வண்டிக்கு மூணு விஷயம் பாருங்க. முன்னாடி போற வண்டியோட நம்பர் படிக்க முடியணும். இருட்டுலயும் தெளிவா இருக்கணும். வெயில்ல நின்னா கெட்டுப்போகக் கூடாது. மத்ததெல்லாம் அலங்காரம். வண்டில சாவி போட்டா இது ஓடும், எடுத்தா நின்னுடும். ஒரு தொந்தரவும் இல்ல."

"பேசறதும் பதியுமா?" என்று கேட்டார் கணவர்.

"பதியும். வேணாம்னா நிறுத்திக்கலாம்."

"இருக்கட்டும். சண்டை வந்தா யார் என்ன சொன்னான்னு தெரியணும்ல."

அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. வண்டிக்குள் பேச யார் இருக்கிறார்கள்? முன்பக்கம் மட்டும் பார்க்கும் ஒற்றைக் கண் கேமராவைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். திருடிய பொருளோடு காவல் நிலையத்தைத் தாண்டி வந்தவளின் சந்தோஷம் அது.

மறுநாளும் சுவருக்குப் போனாள். அதற்கு மறுநாளும். விசிறி ஓடியது. கண்ணாடியில் ஒட்டிய கேமராவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. அது ரோட்டைத்தான் பார்க்கிறது, தன்னைப் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்தாள். விசிறிக்குப் போட்ட சாவியில் அதுவும் ஓடும், தான் நின்றால் சுவரைப் பதியும் என்பது அந்தக் கெட்டிக்காரிக்குத் தோன்றவே இல்லை.

விடுமுறை நாளில் கணவர் கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி வந்து டிவியில் போட்டார். "சரியா பதியுதான்னு பாத்துடலாம்." மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியையும் திட்டி ரசித்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை முழுவதும் சுவர்.

"டிவி நின்னுபோச்சா?" என்றார் மாமியார்.

"இல்லம்மா, ஓடுது. கீழ நேரம் மாறுது பாரு." கணவர் வேகமாக ஓட்டினார். சுவர். ஒரு பூனை வந்து உடம்பை நெளித்துவிட்டுப் போனது. மறுபடி சுவர். அடுத்த நாள் பதிவைத் தேடினார். அதே சுவர். குட்டு வெளிப்பட்டுவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

"அங்க என்ன பண்ணிட்டிருந்தே?" அவர் குரலில் சந்தேகம் ஒரு துளி இல்லை, பயம்தான் இருந்தது. "தலை சுத்துச்சா? நெஞ்சு படபடன்னு வருதா?"

"ஒண்ணுமில்லங்க. சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

அந்தப் பதில் அந்த வீட்டில் செல்லாது. இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சப்பைக்கட்டு கட்டியே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. சொல்லிவிட்டால்தான் என்ன என்று முதல் முறையாகத் தோன்றியது.

"எல்லாரோடவும் பேசிப் பேசி களைச்சுப் போயிடறேன். கொஞ்ச நேரம் யாரும் இல்லாம இருக்கணும்னு தோணும். அதான் அங்க போய் நிக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஒரு வழி பிறந்திருக்கும். அவர் கண் கலங்கிவிட்டது.

"இத்தன நாளா தனியாவா உக்காந்திருந்தே?" என்றார்.

மறுநாள் மதிய நோயாளியை முடித்துக்கொண்டு வளைவில் திரும்பியபோதே அவளுக்கு அவர் தெரிந்தார். தொழிற்சாலையில் அனுமதி வாங்கிக்கொண்டு, பதிவில் தெரிந்த வழியைப் பிடித்து வந்து, சுவர் ஓரமாக, கையில் டீ பிளாஸ்கோடு நின்றிருந்தார். அவள் அப்படியே நேராக ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். கால் தானாக பிரேக்கை மிதித்தது. அவர் முதலில் வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தார். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"இனிமே நீ இங்க தனியா இருக்கவே வேணாம். மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன். தினமும் இந்த நேரத்துக்கு வந்துடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். நோயாளிகளிடம் மணிக்கணக்காகப் பேசும் வாய்தான். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்தவர் தனக்கு ஊற்றாமல் அவளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு டம்ளரை வாங்கினாள். அவர் பேச ஆரம்பித்தார். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. இது எப்படி வந்திருக்கும், யாரிடம் புகார் கொடுக்கலாம் என்பதிலிருந்து தொடங்கி, சாயங்கால நோயாளிக்கு நேரமாகும் வரை பேசினார்.

அன்று ராத்திரி மாமியாரே கேட்டு மதியத்துப் பதிவைப் போடச் சொன்னார். திரையில் அதே சுவர், அதே நிழல். ஆனால் இந்த முறை அறை நிறைய அவர் குரல். நடுநடுவே ஒரு பெண் குரல் "ம்" என்றது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்தக் குரல் வேறு ஏதாவது சொல்லாதா என்று பார்த்தாள். "ம்" மட்டும்தான் வந்தது.

"முன்னாடி போட்டது வெறும் ஊமையா இருந்துச்சு," என்றார் மாமியார். "இப்பத்தான் பாக்க நல்லா இருக்கு."

"எவ்வளவு தெளிவா பதிஞ்சிருக்கு கேட்டியா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் கணவர். "நல்ல கேமராவாத்தான் வாங்கியிருக்கோம். நீதானே பாத்து எடுத்தே."

"ம்," என்றாள்.