மேல் டிவிசன் முடக்கு

கடலிலிருந்து மலைக்குச் சைக்கிளில் ஆட்களைக் கூட்டிவருவதுதான் விஜிதாவின் வேலை. நான்கு நாள் பயணம். திருகோணமலையில் விடியற்காலை புறப்பட்டால் முதல் நாள் முழுக்கச் சமதரைதான். உப்புக்காற்று கொஞ்ச தூரம் முதுகைத் தள்ளிவிடும், அப்புறம் காடு. இரண்டாம் நாள் தம்புள்ளை. மரக்கறி லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தோள்பட்டை இறுகிப்போகும். மூன்றாம் நாள் நாவுலயில் பெருந்தெருவை விட்டுப் பிரிந்து லக்கல பக்கம் போனால் வயலும் காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனையும், தெருவில் ஈரம் காயாத யானைச் சாணமும். அங்கே மட்டும் யாரையும் முந்த விடமாட்டாள். எல்லாரும் ஒரே கூட்டமாக, பேசிக்கொண்டே வர வேண்டும். நான்காம் நாள் இலுக்கும்புரவில் ஏற்றம் தொடங்கும். மூச்சு முட்டி, கால் நடுங்கி, றிவஸ்டன் உச்சியில் பனிமூட்டத்துக்குள் நின்று திரும்பிப் பார்த்தால், வந்த வழி எதுவும் தெரியாது. அதன் பிறகு இரத்தோட்டைவரை இறக்கம், கொண்டை ஊசிபோல வளையும் முடக்குக்கு மேல் முடக்கு. பலர் அந்த இறக்கத்துக்காகவே பயணத்தில் சேரப் பெயர் கொடுப்பார்கள்.

அந்த இறக்கத்தில்தான் விஜிதா பிறந்தாள். இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், பத்துக் காம்பரா, பத்து ஒற்றை அறை, வரிசையாக ஒட்டிய லயத்தில், மூன்றாவது காம்பரா. அப்பாவுக்குத் தோட்டத்து ஆலையில் வேலை. பள்ளிக்கூடச் சைக்கிள் போட்டியில் அவள் முதலாவதாக வந்து, மாவட்டத்தில் வென்று, மாகாணத்தில் இரண்டாவதாக வந்தாள். வளைந்த கைப்பிடி வைத்த சைக்கிளில் அவள் குனிந்து போவதைப் பார்த்து லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். முழங்கால் போனது, போட்டியும் போனது. உக்குவளையில் சைக்கிள் கடை வைத்திருந்த றினோஸ் அப்போதுதான் இந்தப் பயணங்களைத் தொடங்கியிருந்தார். வழி தெரிந்த ஆள் வேண்டும் என்றார். எந்தக் கிலோமீற்றரில் தண்ணீர் கிடைக்கும், எந்த முடக்கில் சரளைக்கல் சிதறிக் கிடக்கும் என்று அவள் எழுதிக் கொடுத்த தாளை ஒன்பது வருடமாக எல்லாரும் கைப்பிடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் இரத்தோட்டை டவுனுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பயணமும் லயத்துக்குக் கீழே உள்ள முடக்கில் நிற்கும். அங்கே வேலம்மா தகரக் கொட்டில் போட்டு பாலில்லாத பிளேன்டீயும் வடையும் விற்றாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, சேலை மாற்றக்கூட நேரமில்லாமல் அடுப்பை மூட்டுவாள். விஜிதாவைவிடப் பத்து வயது மூத்தவள். சிறுவயதில் அவளுக்குத் தலை வாரிவிட்டவள். வேலம்மாவின் மகள் தர்ஷிகாவுக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிள் பெல் கேட்டால் போதும், படியிறங்கி ஓடிவந்து வருகிறவர்களை எண்ணுவாள். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும், “விஜியக்கா, ஒருத்தரக் காணோமே!” என்று கத்துவாள்.

அந்தக் கார்த்திகை மாதக் கடைசியில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மின்சாரம் போய், தொலைபேசியும் செத்தது. மேலே என்ன நடந்தது என்று டவுனில் யாருக்கும் தெரியவில்லை. பஸ் போகாது, வேன் போகாது, நாலு இடத்தில் தெருவே இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் விஜிதா சைக்கிளை எடுத்தாள்.

முதல் மண்சரிவில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாள். இரண்டாவது சரிவில் முழங்கால்வரை சேற்றில் புதைந்தாள். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் ஏறும் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. அந்த முடக்குக்கு வந்ததும் அவளுக்கு இடமே பிடிபடவில்லை. பிழையாக வேறெங்கோ வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். லயம் இருந்த இடத்தில் மலையின் சிவப்புச் சதை கிழிந்து கீழே ஓடைவரை கிடந்தது. நாலு காம்பரா மிச்சம். ஆறு இல்லை. ஆண்கள் மண்வெட்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கு வெளியிலிருந்து அங்கே வந்த முதல் ஆள் விஜிதாதான்.

வேலம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். சம்பவத்தன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவோடு துணைக்கு நின்றவள், தகவல் கேட்டு நடந்தே வந்திருக்கிறாள். புருஷனின் உடலை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். தர்ஷிகாவை எடுக்கவில்லை.

“எழுது” என்றாள் விஜிதாவைப் பார்த்து. “யாரு யாரு இல்லனு எழுதிக் கொண்டுபோய்க் குடு. இல்லாட்டி எங்கள ஒருத்தனும் தேட மாட்டான்.”

வழித்தாளின் பின்பக்கத்தில் விஜிதா எழுதினாள். பதினொரு பெயர். ஒவ்வொரு பெயரையும் யாரோ ஒருவர் வயதோடு சொன்னார்கள். அதை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி, பிரதேச செயலகத்தில் கொடுத்தாள். மறுநாள் இராணுவத்தினர் வந்தார்கள். அதன் பிறகும் ஆறு நாள் அவள் மருந்தும் பால்மாவும் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினாள். வேலம்மாவின் புருஷனோடு சேர்த்து ஏழு பேரை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். தர்ஷிகாவோடு நான்கு பேர் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்.

மாசி மாதம் றினோஸ் அழைத்தார். தெரு ஒற்றை வழியாகத் திறந்தாயிற்று, மே மாதம் ஒரு குழு வருகிறது, பாதையை மறுபடி எழுத வேண்டும்.

“நான் அவசரப்படுத்தல்ல தங்கச்சி” என்றார். “ஒனக்கு எது சரின்னு படுதோ அத எழுது. ஆனா அந்த எறக்கம் இல்லாட்டி பயணமே இல்ல. அதையும் யோசி.”

“ஆக்கள்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன் நானா.” அண்ணன் முறையில் அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

மிச்சக் குடும்பங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. விஜிதா முதலில் பழனிமுத்துவைத்தான் பார்த்தாள். மேல் டிவிசன் கோயிலின் தலைவர் அவர். மனைவியையும் மகனையும் இழந்தவர். இருவரும் எடுக்கப்படாத நான்கு பேரில் சேர்த்தி. அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அம்மாவும் புள்ளயும் அதுக்குள்ளதான் கெடக்குறாங்க” என்றார். “அதுக்குப் பக்கத்தாலயே சைக்கிள் ஓட்டிக் காட்டப் போறீங்களா? மனுசன் பொதஞ்ச எடம் பாக்குற எடமா?”

“மன்னிச்சிருங்க மாமா.”

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வகுப்பறையில் வேலம்மா இருந்தாள். கதவுவரை போய்விட்டு விஜிதா திரும்பிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது? பழனிமுத்து மாமா சொன்னதே எல்லாருக்கும் போதும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்றிரவே றினோஸுக்குச் சொன்னாள்: “மேல் டிவிசன் பக்கம் வேணாம் நானா.” அவர் ஒத்துக்கொண்டார்.

பாதை மாறியது. நாவுலயிலிருந்து நேரே பெருந்தெருவில் மாத்தளைக்கு. மே மாதக் குழுவும் ஜூன் மாதக் குழுவும் அப்படியே வந்தன. லொறிகளின் காற்று சைக்கிளை ஆட்டியது. யாரும் யாரோடும் பேச முடியாமல் வரிசையாக, தலையைக் குனிந்து மிதித்து வந்தார்கள். முடிவில் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். விஜிதாவுக்கு அது உறுத்தியது. ஆனாலும் மரியாதையான காரியத்தைத்தான் செய்கிறோம் என்று நம்பினாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, வேலம்மா டவுனில் விஜிதாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“நான் என்னா பாவம் பண்ணுனேன் விஜி?”

“என்னக்கா இது? உள்ள வாங்க.”

“மூணு மாசமா அதே முடக்குல மறுபடி கொட்டில் போட்டுக் குந்தியிருக்கேன். ஒரு சைக்கிள் வரல. நீ வேற பக்கமாப் போறனு பஸ்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன், எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாயில்லயா?”

“பழனிமுத்து மாமா வேணாம்னாங்க. அதான்...”

“அவுரு அவுரு வீட்டுக்குச் சொன்னாரு. எனக்கும் சேத்தா சொன்னாரு? எங்கிட்ட ஏன் கேக்கல?”

விஜிதா தலையைக் குனிந்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள்.

“பயமா இருந்திச்சுக்கா. வாசல்வரைக்கும் வந்தேன். ஒங்க மொகத்தப் பாக்க முடியல.”

வேலம்மா படியில் உட்கார்ந்தாள். அவள் குரல் தணிந்தது.

“எல்லாரும் அப்புடித்தான் புள்ள. கடைக்குப் போனாலும் ஒதுங்குறாங்க, கோயிலுக்குப் போனாலும் ஒதுங்குறாங்க. எம் புள்ள அங்க கெடக்குறா. அந்தப் பக்கமா எவனும் போகாம, எவனும் பாக்காம, அப்புடியே புல்லு மூடிப் போகணுமா? தெருவுல போற ஆளு நின்னு, இங்க யாரு இருந்தாங்கனு ஒரு வார்த்த கேட்டா, நான் சொல்லுவேன்ல? எனக்கு அவ பேரச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும் விஜி.”

விஜிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “வாங்கக்கா, மாமாகிட்டப் போவோம்” என்றாள்.

அன்று பின்னேரமே இருவரும் பழனிமுத்துவிடம் போனார்கள். வேலம்மா சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கைத்தடியால் தரையைக் கீறிக்கொண்டே இருந்தார்.

“ஒம் புள்ள பேர நீ சொல்லு. அது ஒன் உரிம” என்றார் கடைசியில். “எம் பொண்டாட்டி பேரயும் மகன் பேரயும் எவங்கிட்டயும் சொல்லப்படாது. அவங்க எனக்கு மட்டுந்தான். போட்டோவும் வேணாம்.”

“யாரும் சொல்ல மாட்டாங்க மாமா” என்றாள் விஜிதா.

ஆகஸ்டில் கொழும்பிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். நான்காம் நாள் றிவஸ்டன் உச்சியில் விஜிதா எல்லாரையும் நிறுத்தினாள். கீழே ஓரிடத்தில் பதினொரு பேர் இறந்தார்கள், நால்வர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். அங்கே இறங்கி நடப்போம், தொலைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள் என்றாள். ஒன்பது பேரும் தொலைபேசிகளைப் பையில் போட்டார்கள்.

இருநூறு மீற்றர் இருக்கும். சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். சிவப்பு மண்ணின் மேல் மானாப் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. சரிவின் நடுவில் எந்தச் சுவரோடும் சேராமல் ஒரு தண்ணீர்க் குழாய் நின்றது. சக்கரங்கள் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

முடக்கில் வேலம்மா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். வந்தவர்களில் நரைத்த தலையோடு இருந்த ஒரு பெண் கோப்பையைக் கையில் வைத்தபடி சரிவைப் பார்த்தாள். இங்கே யார் இருந்தார்கள் என்று சிங்களத்தில் கேட்டாள்.

வேலம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டிலை விட்டு வெளியே வந்தாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் புருஷனின் பெயரைச் சொன்னாள். அவர் கல் அடுக்கி வேலி கட்டுவதில் கெட்டிக்காரர் என்றாள். மகளின் பெயரைச் சொன்னாள். பன்னிரண்டு வயது, கணக்கு வராது, ஆனால் வாய் ஓயாது, மழையில் நனைய வேண்டாம் என்றால் வேண்டுமென்றே நனைவாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“பக்கத்துக் காம்பராவில்?” என்று இன்னொருவர் மெதுவாகக் கேட்டார்.

“அவங்களப் பத்தி அவங்க வீட்டுக்காரருதான் சொல்லணும்” என்றாள் வேலம்மா. காலிக் கோப்பைகளை வாங்கி அடுக்கினாள்.

மீதி இறக்கத்தை விஜிதா எல்லாருக்கும் பின்னால் வந்து இறங்கினாள். அந்த இறக்கத்தில் முதல் முறையாக முன்னால் இன்னொருவரைப் போகச் சொன்னாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.

இப்போதும் பயணம் அந்த வழியாகத்தான் போகிறது. சைக்கிள்கள் வரும் நாட்களில் பழனிமுத்து அந்தத் தெருவுக்கு வருவதில்லை. தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையால் டவுனுக்கு இறங்கிவிடுவார். அதை விஜிதா பிழையாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நாளென்று முந்தின நாளே சொல்லிவிடு என்று மட்டும் ஒரு தடவை கேட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் லக்கலயில் தங்கும்போது அவள் அவருக்கு, நாளைக்கு வருகிறோம் என்று ஒரு செய்தி அனுப்புவாள். ‘சரி’ என்று பதில் வரும்.