ஹெல்வெலினைக் குளிப்பாட்டியவர்

வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் கெண்டல் ஊரில் ஆம்புரோஸ் தெக்ஸ்டன் என்று விசாரித்தால், எந்த ஆம்புரோஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். ஹேசில்விக் ஆம்புரோஸ் என்றால் பால்காரப் பெண்கூட வீட்டைக் காட்டிவிடுவாள். அப்பா வழி வந்த குடும்பப் பெயரைவிடச் சம்பளம் கொடுத்த கம்பெனியின் பெயர் அவரோடு அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. சொல்லப்போனால் அதைக் கேட்கும்போதெல்லாம் தொப்பியை ஒரு தடவை சரிசெய்துகொள்வார்.

ஹேசில்விக் கம்பெனியில் அவர் முதலில் ஓட்டியது குதிரை வண்டி. குதிரைகளை விற்ற அன்று லாயத்துக்குள் போய் அழுதார். அடுத்த வாரமே பெட்ரோல் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, குதிரைக்கெல்லாம் மலையேறத் தெரியாது என்று பேச ஆரம்பித்துவிட்டார். மனுஷர் அப்படித்தான். எதை ஓட்டுகிறாரோ அதுதான் உலகத்திலேயே உசத்தி.

கம்பெனிக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. வண்டிகள் எல்லாம் கருநீலம், எழுத்து எல்லாம் பாலாடை நிறம். ஒவ்வொரு வண்டிக்கும் எங்கள் பக்கத்து மலை ஒன்றின் பெயர். புது வண்டியை யார் முதலில் ஓட்டி வருகிறாரோ, அவர் பெயரைக் கதவின் உள்பக்கம் சின்ன எழுத்தில் எழுதி வைப்பார்கள். வெளியில் முதலாளி பெயர், உள்ளே ஓட்டுநர் பெயர். சனிக்கிழமை மத்தியானம் எல்லா வண்டியும் முற்றத்துக்கு வந்து குளிக்க வேண்டும். மேலே சோப்புத் தண்ணீர், அடியில் மண்ணெண்ணெய்த் துணி. பெரியவர் ஹேசில்விக் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அச்சுக்குப் பக்கத்தில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். கைக்குட்டை கறுத்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போக முடியாது. ஆம்புரோஸ் தாமதமாக வீட்டுக்குப் போன சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை என்பதை அவர் மனைவி ஹெட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

உலகச் சண்டை முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து, எட்டுச் சக்கர அட்கின்சன் லாரி ஒன்று பிரெஸ்டன் பட்டறையிலிருந்து புத்தம் புதிதாக வந்தது. அதற்கு ஹெல்வெலின் என்று பெயர். கதவின் உள்ளே எழுதிய பெயர் ஏ. தெக்ஸ்டன். கூரை வேய்கிற கற்பலகை ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோ போவதும், இரும்பு ஏற்றிக்கொண்டு திரும்புவதும் அதன் வேலை. போக வர ஷாப் மலையைத் தாண்ட வேண்டும். சட்டப்படி மணிக்கு இருபது மைல்தான் போகலாம். அந்தச் சட்டத்தை ஏற்றத்தில் ஒருநாளும் மீறியதில்லை என்று ஆம்புரோஸ் சத்தியம் செய்வார். பத்து டன்னுக்கு மேல் சுமந்துகொண்டு அந்த ஏற்றத்தில் யாராலும் மீற முடியாது என்பது வேறு விஷயம்.

அந்தச் சந்தோஷம் இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. சரக்கு லாரிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கருநீலத்தின் மேல் சிவப்பு ஏறியது. ஹேசில்விக் என்ற பெயர் மறைந்தது, ஹெல்வெலின் மறைந்தது, கதவின் உள்ளே இருந்த சின்னப் பெயரும் மறைந்தது. பெரியவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. நெஞ்சுவலி என்றார் டாக்டர். பெயிண்ட் என்றார் ஆம்புரோஸ்.

வண்டியும் ஓட்டுநரும் பழையபடியே இருந்தார்கள், முதலாளிதான் மாறினார். சனிக்கிழமை கழுவ வேண்டும் என்று அரசாங்கம் கேட்கவில்லை. ஆம்புரோஸ் கேட்காமலே கழுவினார். யாருக்காக என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டலடித்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டே, "உங்களுக்காக இல்லை" என்பார்.

ஐந்து வருஷம் போனது. ஆட்சி மாறியது, லாரிகளைத் திருப்பி விற்கப் போகிறோம் என்றார்கள். பெரியவரின் விதவை ஆக்னஸ் ஹேசில்விக் அம்மா, அறுபத்தாறு வயதில், கம்பெனியை மறுபடி எழுப்புவேன் என்று கிளம்பினார். சாமான்களை விற்று, வீட்டை அடமானம் வைத்துப் பணம் சேர்த்தார். ஆனால் விற்பனை நேரடிப் பேரம் இல்லை. ஹெல்வெலினும் இன்னும் மூன்று வண்டிகளும் சேர்ந்த ஒரு கூறு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், மூடிய உறையில் விலை போடலாம். யார் விலை அதிகமோ அவருக்கு வண்டி. அம்மாவால் போட முடிந்த விலைக்கு ஒரு எல்லை இருந்தது.

பெரியவரின் தங்கை மகன் ஜாஸ் கணக்குவழக்கு தெரிந்த ஆள். அவன் ஒருநாள் ஆம்புரோஸை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ரெண்டு வாரம் வண்டியக் கழுவாதீங்க. வேற எதுவும் வேண்டாம். பாக்க வர்றவன் கண்ணுக்கு அது ஓஞ்சுபோன வண்டியாத் தெரியணும். விலையக் கம்மியாப் போடுவான், வண்டி நம்ம வீட்டுக்கு வந்துரும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்? வண்டி வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க."

வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறு எதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. ஹெல்வெலின் மறுபடி கருநீலத்தில் நிற்க வேண்டும், கதவின் உள்ளே பெயர் வர வேண்டும், ஓய்வு பெறும் வரை அதை ஓட்ட வேண்டும். இதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தால் போதும். சரி என்றார்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டார். மலைச் சேறு விளக்கு வரை ஏறியது. எதிரே வந்த லாரிக்காரர்கள் விளக்கைச் சிமிட்டிவிட்டு, ஓட்டுவது அவர்தானா என்று எட்டிப் பார்த்தார்கள். ஷாப் மலை அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அல்லக் அம்மா, பன்றிக்கறி வறுவல் வைத்த ரொட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள்.

"என்ன ஆம்புரோஸ், வீட்ல ஏதும் துக்கமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் அன்று பாதி ரொட்டியைத் தின்னாமலே எழுந்துவிட்டார். அல்லக் அம்மாவின் கடையில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை.

வண்டிகளைப் பார்க்க ஆட்கள் வருகிற புதன்கிழமை. விடிகாலையில் கண் விழித்த ஹெட்டிக்குப் பக்கத்தில் ஆள் இல்லை, சமையலறையில் வாளியும் இல்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே லாரி முற்றத்துக்குப் போனாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"வண்டி போயிரும்னு தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும். பொண்ணு பாக்க வர்றவன் முன்னாடி அழுக்குப் பாவாடையோட நிறுத்தச் சொல்றியா? என்னால முடியல ஹெட்டி."

அவள் வெந்நீரை வாளியில் ஊற்றினாள். முன் கண்ணாடியை அவள் துடைத்தாள்.

காலையில் வந்தவர்கள் மற்ற மூன்று வண்டிகளின் டயர்களையும் உதைத்துப் பார்த்தார்கள். ஹெல்வெலினை யாரும் உதைக்கவில்லை. போல்ட்டனிலிருந்து வந்திருந்த ஓக்கன்ஷா என்ற முதலாளி அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். இன்ஜினை ஓடவிட்டு, அதன்மேல் தன் டீக் கோப்பையை வைத்தார். டீ தளும்பவில்லை. ஜாஸ் அதைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

உறைகளைத் திறந்தபோது ஓக்கன்ஷா விலை எங்கோ உயரத்தில் இருந்தது. ஜாஸ் முற்றத்திலேயே வைத்து ஆம்புரோஸைப் பிடித்துக்கொண்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றான். கிழட்டு வீம்பு என்றான். அம்மாவின் வீடு அடமானத்தில் இருப்பதையும் நினைவுபடுத்தினான். கடைசியில் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆக்னஸ் அம்மாவின் வீட்டுக்கு நடந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஜாஸ் கேட்டது, தாம் ஒப்புக்கொண்டது, ஒப்புக்கொண்டதைச் செய்யாதது.

அம்மா அவரை உட்காரச் சொன்னார். சாமான்கள் விற்ற வீடு, உட்கார இரண்டு நாற்காலிகள்தான் மிச்சம்.

"என் வீட்டுக்காரர் இருந்திருந்தா உங்களச் சும்மா விட்டிருக்க மாட்டார்" என்றார் அம்மா.

"தெரியும்மா."

"என்ன தெரியும்? அந்த ரெண்டு வாரம் அழுக்கா ஓட்டினீங்களே, அதுக்குச் சொல்றேன். எங்க வண்டிய மலைக்கு அந்தப் பக்கம் நாலு பேரு பாத்திருப்பாங்களே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "போனா போகட்டும் ஆம்புரோஸ். ஹேசில்விக் வண்டிய வாங்கணும்னா ஹேசில்விக்காலயே முடியல, அவ்வளவு விலை. இத விடப் பெரிய பேரு நமக்கு என்ன வேணும்? திங்கக்கிழமை வேற கூறு ஒண்ணு விக்கிறாங்களாம். போய் வாங்குவோம்."

வாங்கினார்கள். மூன்று கிழட்டு வண்டிகள். அதில் ஒன்றை ஆம்புரோஸிடம் கொடுத்து, கருநீலம் பூசி, எங்கள் பக்கத்தில் ஹெல்வெலினைவிட உயரமான மலையான ஸ்காஃபெலின் பெயரை அதற்கு வைத்தார் அம்மா. ஏற்றத்தில் அது விடுகிற மூச்சைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்துமா. இதற்குள் ஓக்கன்ஷா ஆள் அனுப்பியிருந்தார். வண்டியோடு வண்டிக்காரரும் வேண்டும், சம்பளம் கூட, போல்ட்டனில் வீடும் உண்டு என்று. ஹெட்டி ஆம்புரோஸைக் கேட்காமலே வந்தவருக்கு டீ கொடுத்து, வந்த வழியைக் காட்டிவிட்டாள். ஆம்புரோஸ் சனிக்கிழமை தோறும் ஆஸ்துமாவைக் குளிப்பாட்டினார். அதன் மூச்சைப் பற்றி யார் பேசினாலும் ஒரு வாரம் அவரோடு பேச மாட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அடுத்த பிப்ரவரியில் ஷாப் மலையில் பனி கொட்டியது. கற்பலகைச் சுமையோடு பாதி ஏற்றத்தில் ஆஸ்துமாவின் பின் அச்சு முறிந்தது. இன்ஜின் ஓடியது, சக்கரம் திரும்பவில்லை. ஆம்புரோஸ் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சாலையோரத்தில் நின்றார். அந்த மலையில் நின்ற வண்டியை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள், அது எழுதாத சட்டம். யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார்.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. அது எந்த வண்டி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பனிக்குள்ளிருந்து பச்சை நிறத்தில், ஓக்கன்ஷா பெயரைச் சுமந்துகொண்டு, ஹெல்வெலின் ஏறி வந்தது. முன்னால் போய் நின்றது. முப்பது வயதுக்காரன் ஒருவன் சங்கிலியோடு குதித்தான்.

"ஆல்பி கிளெக், போல்ட்டன். கவலப்படாதீங்க அண்ணே, இது இழுத்துரும்."

"இழுக்கும்" என்றார் ஆம்புரோஸ்.

இழுத்தது. இரண்டு வண்டிச் சுமையும் அதன் தலையில். உச்சி வரை ஒரு இடத்தில்கூட அது திணறவில்லை. ஆஸ்துமாவின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த ஆம்புரோஸுக்குக் கண் மங்கியது. பனி என்று சொல்லிக்கொண்டார். கேபினுக்குள் ஏது பனி?

உச்சி தாண்டி, முதல் பட்டறை முன்னால் சங்கிலியைக் கழற்றும்போது கிளெக் பேரைக் கேட்டான். அவர் சொன்னார். கிளெக் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் வண்டிக் கதவைத் திறந்தான். உள்பக்கம் முழுக்கப் பச்சை. நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும் கருநீலம், அதில் பாலாடை நிறத்தில் ஏ. தெக்ஸ்டன்.

"சிவப்பச் சுரண்டும்போது கீழ இருந்து வந்துச்சு. பெயிண்டர் அழிக்கப் போனான், நான் விடல" என்றான் கிளெக். "வந்த அன்னிக்கே வண்டிக்கு அடியில கைய விட்டுப் பாத்தேன் அண்ணே. கையில ஒண்ணும் ஒட்டல. இத வச்சிருந்தவன் பேர நான் அழிச்சா எனக்கு வண்டி ஓடுமா? யாரு இந்தத் தெக்ஸ்டன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. வண்டியோட அப்பான்னு சொல்லிருவேன்."

ஆம்புரோஸ் கதவை மெதுவாகச் சாத்தினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குனிந்தார், விரலை விட்டுத் தேய்த்தார். பிறகு கிளெக்கிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கை குலுக்கினார்.

மறுநாள் ஆக்னஸ் அம்மாவின் முன்னால் நின்று, அச்சு முறிந்ததையும் மலையேறியதையும் சொன்னார்.

"யாரு இழுத்தா?" என்றார் அம்மா.

"நம்ம ஹெல்வெலின்மா."

அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சுத்தமா இருந்துச்சா?"

"மட்கார்டுக்கு அடியில கொஞ்சம் சேறு இருந்துச்சு" என்றார் ஆம்புரோஸ். "பையன்ட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."